கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கும் முழுப்பேர் போடுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. கடை நடத்துகிறவர்களும், வீட்டிலிருந்து ஒன்லைனில் விற்கிறவர்களும், ஏ.எல். முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்கிற தாய் தகப்பன்மாரும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

"நாங்கள்" என்றே எழுதுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்தது. ஒருவர் தலையில் மட்டும் போட முடியாது.

கொஞ்ச நாளாகப் பண்டாரவளையிலும் பதுளையிலும் கடைக்காரர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். "டீச்சர், உங்கட்ட படிச்ச புள்ளைகள்ல வி.ஏ. வேலைக்கு யாரும் இருக்காங்களா?" வி.ஏ. என்றால் வேர்ச்சுவல் அசிஸ்டன்ட். கடைக்கு வராமல், தன் வீட்டிலிருந்தே போனிலும் கணினியிலும் நம் கடை வேலையைப் பார்க்கும் உதவியாளர். வட்ஸ்அப்பில் வரும் ஓடரை எடுப்பது, விலை சொல்வது, முகவரி சரிபார்ப்பது, கூரியருக்குப் பட்டியல் அனுப்புவது, பேஸ்புக் பேஜில் படம் போடுவது, கணக்கை ஷீட்டில் பதிவது எல்லாம் அந்த வேலைதான்.

இந்த வேலை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, நன்றாகப் பொருந்தும் என்று நம்புகிறோம். ஆனால் நாம் இதைக் கொடுக்கும் விதம் சரியில்லை. இதை எங்கள் வீட்டுக் கதையை வைத்தே சொல்கிறோம்.

எங்கள் மூத்த சகோதரி வீட்டில் அபாயாவும் ஷோலும் தைத்து விற்கிறார். தையலுக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். வியாபாரம் முழுக்க போனில்தான். இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஓடர் கூடிவிட்டது. தைப்பதா, மெசேஜுக்குப் பதில் சொல்வதா என்று தெரியாமல் திணறினார். அப்போதுதான் எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் நினைவு வந்தது.

அவள் மீரியபெத்தப் பிள்ளை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்தபோது மூன்றாம் வகுப்பு. அன்று பள்ளிக்கூடம் புறப்பட்டுப் போனதால் உயிரோடு இருக்கிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. போன வருடம் ஏ.எல். எழுதினாள். தமிழ் வீட்டு மொழி. சிங்களம் சரளம். ஆங்கிலத்தில் எழுதினால் பிழை குறைவு. கையெழுத்து அச்சு மாதிரி. கெம்பஸுக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "வீட்டிலிருந்தே செய்யலாம் மகள், மாதம் எட்டாயிரம் தருகிறோம்" என்றோம். சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள்.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதம் வேலை செய்தாள். அந்த மூன்று மாதத்தில் எங்கள் சகோதரியின் வியாபாரம் நிமிர்ந்தது. முன்பு கேஷ் ஒன் டெலிவரியில் அனுப்பும் பார்சல்களில் பல திரும்பி வந்து கூரியர் காசு நட்டமாகும். இவள் ஒவ்வொரு ஓடரையும் அனுப்பும் முன் அழைத்து, சைஸையும் முகவரியையும் வாங்குபவரின் மொழியிலேயே கேட்டு உறுதிசெய்தாள். ரிட்டர்ன் குறைந்தது. பெருநாளுக்கு முந்திய வாரம் இரவு ஒரு மணிவரை பதில் போட்டிருக்கிறாள். அந்தப் பெருநாளுக்குத் தையல் பெண்கள் இருவருக்கும் காசும் துணியும் கொடுத்தோம். இவளுக்கும் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓகஸ்ட் முதல் வாரம் திடீரென நின்றுவிட்டாள். "வீட்டில் கொஞ்சம் கஷ்டம், இனிச் செய்ய முடியாது" என்று ஒரு மெசேஜ் மட்டும். எங்கள் வீட்டில் என்ன பேசினோம் தெரியுமா? "தோட்டத்துப் புள்ளைகளை நம்பி ஒரு வேலையைக் குடுக்க ஏலாது." அப்படிச் சொன்னபோது எங்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வருடக்கணக்காகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவரும் அந்த அறையில்தான் இருந்தார். வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இந்த மாதம் தீபாவளிக்கு முன், மனம் கேட்காமல் பூனாகலைப் பக்கம் அவள் வீட்டுக்குப் போனோம். சகோதரியும் இதை எழுதுபவருமாக இரண்டு பேர். மண்சரிவில் வீடிழந்தவர்களுக்காக மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016 ஒக்டோபரில் கையளித்தார்களே, அந்தக் குடியிருப்பில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் அடைந்து கிடந்த சனம்.

அம்மா மலையிலிருந்து வந்து கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்று பிளேன்டீ ஊற்றினார். பிள்ளை எங்களைப் பார்த்துத் தலை குனிந்து நின்றாள். எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்.

"புள்ள நம்பரையே பேஜ்ல போட்டுட்டீங்க டீச்சர். ராவு பதினொன்னுக்கு ஆம்பளைங்க வீடியோ கோல் எடுக்குறாங்க. அண்ணங்காரன் பாத்துட்டான். போன ஒடைக்கப் போனான்."

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. உண்மைதான். கடைக்கென்று ஒரு சிம் வாங்க ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க, அவள் சொந்த நம்பரைத்தான் பேஜில் போட்டிருந்தோம்.

"ஏன் மகள் எங்களுக்குச் சொல்லல்ல?"

"நீங்க டீச்சர்..." என்று மட்டும் சொன்னாள். மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. படிப்பித்த ஆளிடம் சம்பளமும் குறையும் பேசப் பிள்ளைக்கு வாய் வராது என்பது எங்களுக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு உள்ளே போய் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். கணக்குக் கேட்க எழுதியதில்லையாம். வேலை பழக எழுதியதாம். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்தாள் (அந்த வீட்டில் அங்குதான் சிக்னல்), எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை ஓடர், எத்தனை ரிட்டர்ன், டேட்டாவுக்கு எவ்வளவு போட்டாள் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். தோட்டத்தில் செக்ரோல் எழுதுவது போல.

அங்கேயே கூட்டிப் பார்த்தோம். மூன்று மாதத்தில் 452 மணித்தியாலம். நாங்கள் கொடுத்தது 24,000 ரூபாய். மணித்தியாலத்துக்கு 53 ரூபாய். டேட்டா அவள் காசு.

2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாகவும் நாட்கூலி 1,080 ரூபாயாகவும் இருந்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 135. அம்மா மலையில் ஒரு பேருக்கு அப்போது வாங்கிய அடிப்படைச் சம்பளம், 2024 இல் வர்த்தமானியில் வந்தபடி, 1,350 ரூபாய். எங்கள் கணக்கில் அவர் மகள் எட்டு மணித்தியாலம் உட்கார்ந்தால் 424 ரூபாய்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். அந்த அரைப்பேரைப் பற்றி நாங்கள் எத்தனை தடவை கோபமாகப் பேசியிருக்கிறோம், இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறோம். எங்கள் வீட்டு வேலைக்கு அரைப்பேரும் போடவில்லை என்று ஒரு பிள்ளையின் கொப்பி காட்டிக்கொடுத்தது.

ஏன் இப்படி நடந்தது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தோம். எங்கள் சகோதரி கெட்டவர் இல்லை. தையல் பெண்களுக்குப் பகல் சாப்பாடு போடுகிறார். மழை வந்தால் நேரத்தோடு அனுப்புகிறார். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கும் கொடுக்கிறார். அவர்கள் கண் முன்னால் இருக்கிறார்கள், முகம் வாடினால் தெரிகிறது. மாகல்தெனியவில் வாசல்படியில் குளிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்களுக்கு ஒரு பச்சைப் புள்ளிதான். "ஒன்லைன்" என்று காட்டினால் வேலை கொடுக்கலாம். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க ஒரு சந்தர்ப்பமே வருவதில்லை. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற ஒரு வார்த்தையை வைத்து நேரத்தையும் கூலியையும் மரியாதையையும் குறைத்துவிட்டோம்.

வேர்ச்சுவல் என்று பெயர் வைத்தாலும் அவள் பசி வேர்ச்சுவல் இல்லை.

சரி, இனி மற்றப் பக்கம். இதைப் படித்துவிட்டு "வம்பே வேண்டாம், வி.ஏ. வேண்டாம்" என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளை ஏ.எல். முடித்தால் போகும் வழிகள் நமக்குத் தெரியும். கொழும்பில் கடை, கார்மென்ட், வீட்டு வேலை, இல்லையென்றால் மத்திய கிழக்கு. ஊரிலேயே இருந்து, அம்மாவோடு சாப்பிட்டு, மூன்று மொழியையும் வைத்து உழைக்கும் வழி இதைப்போல் வேறு அதிகமில்லை.

ஊருக்கே வேலையைக் கொண்டுவந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அனுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரம் மகாவிலச்சிய என்று ஒரு விவசாயக் கிராமம். நந்த வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998 இல் அங்கே "ஹொரைசன் லங்கா" என்று பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கத் தொடங்கினார். வீடுகளுக்குக் கணினி வந்தது, கம்பியில்லா இணையம் வந்தது. பிறகு அங்கே படித்த இளைஞர்கள் கிராமத்திலேயே உட்கார்ந்து கொழும்புக் கம்பனிகளுக்கு வேலை செய்யும் ஒரு சிறு நிலையமும் உருவானது. தமிழ்நாட்டில் சலோனி மல்ஹோத்ரா என்ற பெண், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு "தேசிக்ரூ" நிறுவனத்தைத் தொடங்கி, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களில் பெண்களுக்குக் கணினி வேலை கொடுத்தார்.

இந்த இரண்டிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே வேலை செய்ய ஒரு அறை இருந்தது. திறக்கும் நேரம், பூட்டும் நேரம், பக்கத்தில் ஒரு கூட்டாளி, கேள்வி கேட்க ஒரு பொறுப்பாளர் இருந்தார்கள். நாம் வைக்கும் வி.ஏ.க்கு அது ஒன்றும் இல்லை. தனியே உட்கார்ந்திருக்கிறாள். அந்த அறைச் சுவரும் கதவும் செய்த வேலையை நாம் எழுதும் ஒரு தாள் செய்ய வேண்டும்.

கடைக்கார நானாமார்களும் அண்ணன்மார்களும் சொல்லும் மூன்று விஷயங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

"நாளைக்குப் பத்து ஓடர்தான் வருது, மாதச் சம்பளம் கட்டுப்படியாகாது." உண்மை. அப்படியென்றால் மாதத்தை வாங்காதீர்கள், மணித்தியாலத்தை வாங்குங்கள். நாளைக்கு இரண்டு மணித்தியாலம், மாதம் 26 நாள், மணிக்கு 200 ரூபாய் என்றால் 10,400. பக்கத்துக் கடை இன்னும் இரண்டு சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஆறு மணித்தியாலமும் 31,200 ரூபாயும் ஆகிறது. மூன்று கடையும் பிழைக்கும், பிள்ளையும் பிழைப்பாள். எங்களைப்போல் எட்டாயிரத்துக்கு ஒரு ஆளின் முழு நாளையும் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

"ஏ.ஐ. இலவசமாகவே பதில் சொல்லுமே." சொல்லட்டும். விலை, திறக்கும் நேரம் மாதிரிக் கேள்விகளுக்கு அது போதும். ஆனால் வெலிமடையிலிருந்து ஒரு உம்மா பாதி தமிழ் பாதி சிங்களத்தில் வொய்ஸ் போட்டு, "போன தடவை எடுத்தது மாதிரி, ஆனா கை கொஞ்சம் நீட்டு" என்று கேட்டால், போன தடவை எதை எடுத்தார் என்று தேடிப் பார்த்து, "உம்மா, நீலமா கறுப்பா?" என்று அழைத்துக் கேட்பவளால்தான் அந்தப் பார்சல் திரும்பி வராமல் இருக்கிறது.

"நம்பிக்கை எப்படி?" கடைச் சாவியைக் கொடுக்கும்போது எப்படிப் பார்த்துக் கொடுக்கிறோமோ அப்படித்தான். பேஸ்புக் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையில்லை. பேஜில் அவள் பெயரைச் சேர்த்து, பதில் சொல்லவும் பதிவு போடவும் மட்டும் அனுமதி கொடுக்கலாம். வட்ஸ்அப் பிஸ்னஸை நம் போனில் வைத்துக்கொண்டு அவள் கருவியை இணைத்துவிடலாம். வேலை முடிந்தால் ஒரு தட்டில் நீக்கலாம். வங்கிப் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. வாங்குபவர்களின் முகவரியும் நம்பரும் அமானிதம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் நாட்டில் இருக்கிறது. இதை அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள், நீங்களும் கடைப்பிடியுங்கள்.

இனி அந்தத் தாள். ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குர்ஆனில் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் ரூபாய்க் கடனை எழுதும் நாம் ஒரு பிள்ளையின் உழைப்பை வாய்ப்பேச்சில் விடலாமா? அதில் இருக்க வேண்டியவை இவை:

1. என்ன வேலை. ஓடர் எடுப்பதா, பேஜும் சேர்த்தா, கணக்கும் சேர்த்தா. புதிதாக ஒரு வேலை சேர்ந்தால் கூலியும் பேச வேண்டும்.

2. எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை. அதற்குப் பிறகு வரும் மெசேஜுக்கு "நாளை காலை பதில் தருவோம்" என்று தானாகப் போகும் பதிலை வையுங்கள். கடையே இரவு எட்டுக்குப் பூட்டுகிறோம். போன் மட்டும் ஏன் ஒரு மணிவரை?

3. மணித்தியாலத்துக்கு எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த வங்கிக் கணக்குக்கு. கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும். பழகும் முதல் வாரத்துக்கும் காசு உண்டு.

4. கடை சிம்மும் டேட்டாவும் கடைச் செலவு. பிள்ளையின் சொந்த நம்பரை எங்கும் போடக் கூடாது. தொந்தரவு தரும் ஆளை உடனே புளொக் பண்ண அவளுக்கு அதிகாரம் உண்டு, ஓடர் போனாலும் பரவாயில்லை.

5. வாரத்தில் ஒரு நாள் லீவு. தீபாவளி, பொங்கல், பெருநாள், வெசாக் எதுவென்றாலும் அவள் பெருநாளுக்கு அவளுக்கு லீவும் பெருநாள் காசும்.

6. நிறுத்துவதென்றால் இரண்டு தரப்பும் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்.

மாதச் சம்பளத்துக்கு, நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறவள் என்றால் அவளும் நம் ஊழியர்தான். ஈ.பி.எஃப். 12 வீதமும் ஈ.டி.எஃப். 3 வீதமும் முதலாளி பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாய் தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "வீட்டிலிருந்தே வேலை" என்று டெலிகிராமில் வருவதில் ஏமாற்று நிறைய. வேலை தருகிறவன் முதலில் உங்களிடம் காசு கேட்டால் அது வேலையே இல்லை. கணினி வேலை என்று நம்பி வெளிநாடு போய் மியன்மாரில் மியாவாடி முகாம்களில் அடைபட்ட நம் நாட்டுப் பிள்ளைகளின் செய்தியை எல்லோரும் பார்த்தோம். அதனால் பயம் நியாயம். அதற்காகப் பிள்ளையின் போனைப் பறித்துவிடாதீர்கள். வேலை தருகிறவர் யார், கடை எங்கே என்று நேரில் போய்ப் பாருங்கள். பண்டாரவளைக் கடைக்குப் பிள்ளையோடு ஒரு தடவை பஸ்ஸில் போய் வருவது பெரிய செலவில்லை. பக்கத்து ஊர் ஆளிடம் வேலை செய்வதன் பெரிய லாபமே அதுதான்.

மீரியபெத்த என்றால் நாட்டுக்கு ஒரு நாள் ஞாபகம். 2025 ஒக்டோபர் 29 ஆம் திகதியோடு பதினொரு வருடம். அந்த மலை ஆபத்து என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுத்தும் சனம் அங்கேயேதான் இருந்தது. அவர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை, அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டு இடம் மாற்றிவைக்க ஆளும் இல்லை. இந்த வருடமும் விளக்கேற்றுவோம், படம் போடுவோம், துஆச் செய்வோம். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பிய பிள்ளைகள் இப்போது இருபதை நெருங்கி வேலை தேடி நிற்கிறார்கள். அவர்களுக்கு இரக்கம் தேவையில்லை. நேரம் குறித்த வேலையும் முழுக் கூலியும்தான் தேவை.

எங்கள் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். கொப்பிக் கணக்கின்படி, குறைந்தபட்சக் கூலிக்கு எவ்வளவு குறைந்ததோ அதையும் டேட்டாக் காசையும் சேர்த்து 42,000 ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தோம். இதைச் சொல்வது பெருமைக்கு இல்லை. அது அவள் காசு, மூன்று மாதம் எங்கள் பையில் இருந்தது. கடை சிம் வாங்கியாகிவிட்டது. மேலே உள்ள ஆறு விஷயத்தையும் எழுதி, மணிக்கு 200 என்று போட்டு, சகோதரி கையெழுத்து வைத்த தாளையும் கொடுத்தோம்.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றாள்.

இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவு.

உங்கள் கடைக்கு ஆள் தேவையென்றால் என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், மணிக்கு எவ்வளவு என்ற மூன்றையும் கீழே கொமென்டில் எழுதுங்கள். பொருத்தமான பிள்ளைகளின் வீட்டாரிடம் நாங்களே பேசுகிறோம். பிள்ளைகளின் பெயரையோ நம்பரையோ தயவுசெய்து யாரும் கொமென்டில் போட வேண்டாம்.